வலையமைப்பில் உள்ள அளவீட்டுக் கருவிகளில் ஒருங்கே ஸ்கேன் தொடங்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே சோதனையில் பல அளவீட்டுக் கருவிகளை ஈதர்நெட் வழியாக ஒரு கணினியோடு இணைத்து, அவை அனைத்தையும் ஒரே கணத்தில் ஸ்கேன் (உள்ளீட்டுச் சேனல்களை வரிசையாக அளத்தல்) தொடங்கச் செய்ய வேண்டியவர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. எஸ்சிபிஐ என்னும் பொதுக் கட்டளை மொழியைப் புரிந்துகொள்ளும் கருவிகளையே இங்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1987இல் வெளிவந்த ஐஇஇஇ 488.2 தரத்தின் மேல் கட்டப்பட்டு, 1990இல் அறிமுகமான இம்மொழியைத்தான் ஆய்வகக் கருவிகளில் பெரும்பாலானவை இன்றும் பேசுகின்றன. கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியுள்ளேன்; கருவிக்கு அனுப்பும்போது கையேட்டில் உள்ள எழுத்துகளிலேயே அனுப்ப வேண்டும்.

"ஒரே கணத்தில்" என்றால் எவ்வளவு துல்லியமாக?

நிரல் எழுத உட்காரும் முன் விடை காண வேண்டிய கேள்வி இதுதான். பலர் இதைக் கேட்காமலேயே தொடங்கிவிட்டு, பின்னர் தேவையற்ற துல்லியத்திற்காகப் பணமும் நேரமும் செலவிடுகிறார்கள். அல்லது தேவையான துல்லியம் கிடைக்காமல் சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள்.

ஒரு பெரிய உலையின் சுவர்களில் வெப்பநிலையைப் பதிவுசெய்கிறீர்கள் என்றால், இரு கருவிகளுக்கு இடையே அரை வினாடி வேறுபாடு இருந்தாலும் முடிவு மாறாது. அதிர்வை அளக்கும்போது நிலைமை வேறு. 1000 ஹெர்ட்ஸ் அதிர்வின் ஒரு சுழற்சி 1 மில்லி வினாடியில் முடிகிறது. ஒரு முழுச் சுழற்சியை 360 பாகையாகக் கொண்டால், அதில் ஒரு பாகை கட்ட வேறுபாடு என்பது ஏறத்தாழ 2.8 மைக்ரோ வினாடி. இரு கருவிகளின் தொடக்கத்தில் 100 மைக்ரோ வினாடி பிழை இருந்தால், நீங்கள் காணும் கட்டத்தில் 36 பாகை பொய்யாக இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலின் அலையில் ஒரு பாகை ஏறத்தாழ 56 மைக்ரோ வினாடிக்குச் சமம். உங்கள் குறிப்பலையின் (அளக்கப்படும் மின்னலையின்) மிக உயர்ந்த அதிர்வெண்ணையும், பொறுத்துக்கொள்ளக்கூடிய கட்டப் பிழையையும் வைத்து இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். விடை மில்லி வினாடிகளில் வந்தால் மென்பொருள் கட்டளையே போதும். ஓரிரு மைக்ரோ வினாடி என்றால், நிகழ்ந்த கணத்தைப் பதியும் நேரமுத்திரையும், கருவிகளின் கடிகாரங்களை ஒத்துப்போகச் செய்யும் துல்லிய நேர நெறிமுறையும் தேவைப்படும். அதற்கும் கீழே என்றால், தூண்டலை, அதாவது அளவீட்டைத் தொடங்கச் சொல்லும் குறியை, கொண்டுசெல்லும் கம்பியைப் பெரும்பாலும் இழுக்க வேண்டியிருக்கும்.

தொடக்கக் கட்டளை வந்ததும் கருவிக்குள் என்ன நடக்கிறது?

எஸ்சிபிஐ கருவி ஒவ்வொன்றும் தன்னுள் ஒரு தூண்டல் வரிசையை வைத்திருக்கிறது. அதன் முதல் நிலை ஓய்வு. "இனிஷியேட்" கட்டளை வந்தவுடன் கருவி ஓய்விலிருந்து விலகி, தூண்டலுக்காகக் காத்திருக்கும் நிலைக்குச் செல்கிறது. தூண்டல் கிடைத்ததும் அளவீடு நடக்கிறது. கேட்ட எண்ணிக்கை முடிந்ததும் மீண்டும் ஓய்வுக்குத் திரும்புகிறது. சில கருவிகளில் தூண்டலுக்கு முன்பாக "ஆர்ம்" என்ற இன்னோர் அடுக்கும் உண்டு.

"இனிஷியேட்" என்ற சொல்லைக் கேட்டவுடன் அதுவே அளவீட்டைத் தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்வது இயல்பான தவறு. தூண்டல் எங்கிருந்து வர வேண்டும் என்னும் அமைப்பு (தூண்டல் மூலம்) "இம்மீடியட்", அதாவது உடனே, என்று இருந்தால் அப்படித்தான் தோன்றும். ஏனெனில் காத்திருக்கும் நிலை கண்ணிமைக்கும் முன்பே கடந்துபோகிறது. ஆனால் உண்மையில் அது கருவியை ஆயத்தப்படுத்தும் கட்டளை மட்டுமே. ஆயத்தப்படுத்துவதும் தொடங்குவதும் இரு வேறு செயல்கள் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், ஒத்திசைவில் வரும் சிக்கல்களில் பாதி தாமாகவே விலகும். நேரம் பிடிக்கும் வேலைகள் யாவும் ஆயத்தத்தில் முடிந்துவிட வேண்டும். தொடக்கத்தின்போது கருவிக்குச் செய்வதற்கு எவ்வளவு குறைவான வேலை மிஞ்சுகிறதோ அவ்வளவுக்கு ஒத்திசைவு நன்றாக அமையும்.

எந்தக் கட்டளைகளை எந்த வரிசையில் அனுப்ப வேண்டும்?

முதலில் நட்சத்திரக் குறியோடு வரும் ஆர்எஸ்டி கட்டளையால் கருவியை அறிந்த நிலைக்குக் கொண்டுவந்து, சிஎல்எஸ் கட்டளையால் பழைய பிழைச் செய்திகளைத் துடைத்துவிடுங்கள். முந்தைய சோதனையை வேறொருவர் எந்த அமைப்பில் விட்டுச் சென்றார் என்ற கவலை இதோடு தீர்ந்துவிடும். ஆர்எஸ்டி கட்டளை தொடர் தூண்டல் அமைப்பையும் அணைத்துவிடுகிறது என்பது கூடுதல் நன்மை.

அடுத்து ஒவ்வொரு சேனலின் அளவீட்டு வகையையும் வரம்பையும் அமைத்து, "ரௌட் ஸ்கேன்" கட்டளையால் சேனல் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் @ குறியிட்டு, தொடக்க எண்ணுக்கும் இறுதி எண்ணுக்கும் நடுவே முக்காற்புள்ளி வைத்தால் தொடர்ச்சியான சேனல்களைக் குறிக்கலாம். உதாரணமாக 101 முதல் 110 வரை. பல கருவிகளில் முதல் இலக்கம் செருகிய அட்டையையும், மற்ற இரண்டும் அந்த அட்டையில் உள்ள சேனலையும் சுட்டுகின்றன.

வரம்பைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை இந்த இடத்தில் அணைத்துவிடும்படி வற்புறுத்திச் சொல்வேன். கருவி தானே வரம்பைத் தேடும்போது, ஒவ்வொரு சேனலிலும் உள்ளீட்டின் அளவைப் பொறுத்துக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது; அந்த நேரம் கருவிக்குக் கருவி மாறுபடுகிறது. தானியங்கிப் பூச்சியத் திருத்தமும் தானியங்கித் தூண்டல் தாமதமும் இதே போன்றவை. தூண்டல் தாமதத்திற்கு நீங்களே ஓர் எண்ணைத் தந்து, எல்லாக் கருவிகளிலும் அதே எண்ணை வையுங்கள்.

பிறகு "ட்ரிக்கர் சோர்ஸ்" கட்டளையால் தூண்டல் மூலத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். மென்பொருளால் தூண்டப்போகிறீர்கள் என்றால் "பஸ்". பின்புறத்தில் இருக்கும் இணைப்பான் வழியாக வரும் மின்துடிப்பால் என்றால் "எக்ஸ்டெர்னல்". "ட்ரிக்கர் கவுண்ட்" எத்தனை முறை ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. இவ்வளவும் முடிந்த பிறகே "இனிஷியேட்". எல்லாக் கருவிகளும் காத்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டன என்பதை உறுதிசெய்துகொண்டு, கடைசியாக நட்சத்திரக் குறியோடு வரும் டிஆர்ஜி கட்டளையை அனுப்புகிறோம். தொடக்கச் செய்தி இத்தனை குறுகியதாக, மூன்று எழுத்தும் ஒரு குறியுமாக இருப்பதால் கருவி அதைப் பிரித்துப் புரிந்துகொள்ள எடுக்கும் நேரமும் குறைகிறது.

"ரீட்" கட்டளை எளிதாக இருக்கிறதே, அதையே பயன்படுத்தினால் என்ன?

ஒற்றைக் கருவிக்கு அது நல்ல கட்டளை. நடப்பதை நிறுத்தும் "அபார்ட்", ஆயத்தப்படுத்தும் "இனிஷியேட்", முடிவைக் கேட்டுப் பெறும் "ஃபெட்ச்" ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்ததே வினாக்குறியோடு அனுப்பும் "ரீட்". "மெஷர்" அதற்கும் ஒரு படி மேலே போய், அமைப்புகளையும் தானே மாற்றிவிடுகிறது.

பல கருவிகளை ஒத்திசைக்கும்போது இந்த வசதியே தடையாகிறது. ஆயத்தமும் தொடக்கமும் ஒரே கட்டளைக்குள் கலந்துவிடுவதால், அவற்றுக்கு நடுவே நின்று மற்றக் கருவிகளுக்காகக் காத்திருக்க இடமில்லை. தூண்டல் மூலம் "பஸ்" என்று இருக்கும்போது "ரீட்" அனுப்பினால், மைனஸ் 214 என்ற எண்ணோடு தூண்டல் முட்டுக்கட்டை என்னும் பிழை வரும். முடிவைக் கேட்டுவிட்டு நீங்கள் காத்திருக்கிறீர்கள், தூண்டலைக் கேட்டுக் கருவி காத்திருக்கிறது. இருவரில் யாரும் நகர முடியாது என்பதே அப்பிழையின் பொருள்.

கருவி ஆயத்தமாகிவிட்டதை எப்படி உறுதிசெய்வது?

நிரலில் அரை வினாடி தூங்க வைப்பது பரவலான வழக்கம், அதைக் கைவிடுங்கள். ஐந்து சேனல்களோடு சரியாக இயங்கிய அந்த அரை வினாடி, நாற்பது சேனல்களைச் சேர்த்த நாளில் போதாமல் போகும். அன்றைக்குத் தவறு எங்கே என்று தேடுவது மிகக் கடினம்.

கருவி இப்போது என்ன செய்கிறது என்பதைக் காட்டும் செயல்பாட்டு நிலைப் பதிவகத்தைக் கேட்பதே சரியான வழி. "ஸ்டேட்டஸ் ஆப்பரேஷன் கண்டிஷன்" என்ற கட்டளையை வினாக்குறியோடு அனுப்பினால் ஓர் எண் திரும்பிவரும். எஸ்சிபிஐ தரத்தின்படி அதில் 5ஆம் பிட், அதாவது 32 என்ற மதிப்பு, தூண்டலுக்காகக் காத்திருப்பதைக் குறிக்கிறது. 6ஆம் பிட், அதாவது 64, ஆர்ம் அடுக்கில் காத்திருப்பதையும், 4ஆம் பிட், அதாவது 16, அளவீடு நடந்துகொண்டிருப்பதையும் குறிக்கின்றன. எல்லாக் கருவிகளிலும் 5ஆம் பிட் உயர்ந்திருந்தால் மட்டுமே தொடக்கத்தை அனுப்புங்கள். ஒன்று மட்டும் உயரவில்லை என்றால் அனைத்தையும் "அபார்ட்" செய்து, அந்தக் கருவியின் பிழை வரிசையை "சிஸ்டம் எர்ரர்" வினாவால் படித்துப் பாருங்கள்.

அந்த வரிசையில் இரு எண்களை அடிக்கடி சந்திப்பீர்கள். மைனஸ் 211 என்றால் தூண்டல் வந்தது, ஆனால் கருவி அதை ஏற்கும் நிலையில் இல்லாததால் புறக்கணித்துவிட்டது. மைனஸ் 213 என்றால் ஏற்கனவே ஓர் அளவீடு நடந்துகொண்டிருக்கும்போதே மீண்டும் "இனிஷியேட்" வந்திருக்கிறது. முதலாவது மிக ஆபத்தானது. பிழை வரிசையைப் படிக்காத நிரலில் அது எந்த ஓசையும் எழுப்பாது, அந்தக் கருவியின் தரவு மட்டும் காணாமல் போயிருக்கும்.

தொடங்கச் சொன்னதும் நிரல் அப்படியே உறைந்துவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் ஓபிசி அல்லது டபிள்யூஏஐ கட்டளையைத் தவறான இடத்தில் வைத்ததே காரணம். ஓபிசி என்பது நிலுவையில் உள்ள செயல்கள் முடிந்ததும் தெரிவிக்கும்படி கருவியைக் கேட்கிறது. டபிள்யூஏஐ என்பது அவை அனைத்தும் முடியும்வரை அடுத்த கட்டளையைத் தொடாதே என்று கருவிக்குச் சொல்கிறது. "இனிஷியேட்" அனுப்பிய கையோடு டபிள்யூஏஐ அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு தூண்டலை அனுப்பினால், ஸ்கேன் முடியாமல் தூண்டலைப் படிக்க மாட்டேன் என்று கருவியும், தூண்டல் வராமல் முடிய மாட்டேன் என்று ஸ்கேனும் நின்றுவிடும். வினாக்குறியோடு ஓபிசி கேட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாலும் இதே கதிதான். கருவியைத் துடைக்கும் சிறப்புச் செய்தியை அனுப்பித்தான் மீட்க வேண்டும்.

தூண்டல் போன பிறகு ஓபிசியை அனுப்புங்கள். நீண்ட ஸ்கேன் என்றால் வினாக்குறி இல்லாத வடிவத்தை அனுப்பிவிட்டு, நிகழ்வு நிலைப் பதிவகத்தின் 0ஆம் பிட் உயர்ந்ததா என்று அவ்வப்போது பார்ப்பது நல்லது. அதுவரை வலையமைப்பு இணைப்பு காலாவதியாகும் அச்சமில்லை.

ஒரு சுழற்சியில் ஒவ்வொரு கருவிக்கும் டிஆர்ஜி அனுப்பினால் போதாதா? பல த்ரெட்களை (ஒரே நிரலுக்குள் இணையாக இயங்கும் கிளைகளை) பயன்படுத்தினால் மேம்படுமா?

மில்லி வினாடிகளில் துல்லியம் போதும் என்றால், போதும். ஆனால் தாமதம் எங்கே பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

கம்பியில் கழியும் நேரம் மிகச் சிறிது. 1 கிகாபிட் ஈதர்நெட்டில் மிகச் சிறிய செய்திக்கு, முன்னொட்டும் இடைவெளியும் உட்பட, 672 நானோ வினாடி ஆகிறது. 100 மெகாபிட் இணைப்பில் 6.72 மைக்ரோ வினாடி. எனவே த்ரெட்கள் எத்தனை இருந்தாலும், ஒரே வலையமைப்பு அட்டை வழியாகச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வெளியேறுகின்றன. அந்த வரிசை பெரிய இழப்பல்ல. இழப்பு ஏற்படுவது இயக்க முறைமை உங்கள் நிரலை இடையில் நிறுத்தி வேறு வேலைக்குப் போகும்போதும், கருவியின் உள்ளே இருக்கும் செயலி கட்டளையைப் படித்துப் புரிந்துகொள்ளும்போதும்தான். இவை இரண்டும் ஒவ்வொரு முறையும் மாறக்கூடியவை. த்ரெட்கள் முதலாவதைச் சற்றுக் குறைக்கலாம். இரண்டாவதைத் தொட முடியாது.

இன்னொரு மறைந்திருக்கும் காரணமும் உண்டு. செய்தி சேர்ந்ததற்கு ஒப்புகை பெறும் டிசிபி இணைப்பில் நேகிள் வழிமுறை என்ற ஒன்று இயல்பாகவே இயங்குகிறது. சிறுசிறு செய்திகள் வலையமைப்பை அடைத்துவிடக் கூடாது என்பதற்காக 1984இல் முன்வைக்கப்பட்ட அந்த வழிமுறை, முன்பு அனுப்பியதற்கு ஒப்புகை வரும்வரை அடுத்த சிறு செய்தியை நிறுத்தி வைக்கிறது. மறுமுனையில் உள்ள கருவியோ ஒப்புகையைத் தாமதித்து அனுப்பும் வழக்கம் உடையது. இரண்டும் சேர்ந்தால் பல பத்து மில்லி வினாடிகள், சில சமயம் 200 மில்லி வினாடி வரை காணாமல் போகும். தூண்டலுக்குச் சற்று முன் வேறொரு கட்டளையை அனுப்பியிருந்தால் மட்டுமே இது நிகழ்வதால், சில கருவிகளில் வருவதும் சிலவற்றில் வராததுமாக மனிதரைக் குழப்பும். சாக்கெட்டை (நிரல் கருவியோடு பேசும் வலையமைப்பு இணைப்பை) திறந்தவுடன் தாமதமின்றி அனுப்பும் தேர்வை இயக்குவது ஒரே வரி வேலை; கட்டாயம் செய்யுங்கள். நேரடிச் சாக்கெட்டுக்குப் பொதுவாக 5025 என்ற போர்ட்டும், கருவிகளுக்கென்றே வகுத்த ஹைஸ்லிப் நெறிமுறைக்கு 4880 என்ற போர்ட்டும் பயன்படுகின்றன.

எல்லாக் கருவிகளுக்கும் ஒரே செய்தியால் தொடக்கம் சொல்ல வழி உண்டா?

பழைய ஜிபிஐபி இணைப்பில் இது மிக அழகாக இருந்தது. ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் உருவாக்கி, 1975இல் ஐஇஇஇ 488 என்ற தரமான அந்த இணைப்பில், எல்லாக் கருவிகளும் ஒரே கம்பித் தொகுதியைப் பகிர்ந்துகொண்டன. "குரூப் எக்ஸிக்யூட் ட்ரிக்கர்" என்ற செய்தியை ஒரு முறை வைத்தால், கேட்கும்படி அமர்த்தப்பட்ட கருவிகள் அனைத்தும் அதை ஒன்றாகப் பெற்றன. ஈதர்நெட்டுக்கு மாறியபோது நாம் இழந்தது இதைத்தான். 1995இன் விஎக்ஸ்ஐ-11 நெறிமுறையிலும், பின்னர் வந்த ஹைஸ்லிப்பிலும் தூண்டல் செய்தி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி இணைப்பு என்பதால் அது தனித்தனியாகவே போகிறது.

அந்த இடத்தை நிரப்ப முயல்வது, ஒப்புகை கேட்காமல் ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பும் யுடிபி மல்ட்டிகாஸ்ட். ஈதர்நெட்டில் இணையும் அளவீட்டுக் கருவிகளுக்காக 2004இல் தொடங்கிய எல்எக்ஸ்ஐ கூட்டமைப்பு வகுத்த தரத்தில், நிகழ்வுச் செய்திகள் என்ற விரிவாக்கம் உண்டு. அவை 224.0.23.159 என்ற மல்ட்டிகாஸ்ட் முகவரிக்கு 5044 என்ற போர்ட்டில் அனுப்பப்படுகின்றன. ஒரே செய்தியை ஸ்விட்ச் நகலெடுத்து எல்லாப் போர்ட்களிலும் அனுப்புவதால், கணினிப் பக்கத்துத் தாமதம் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. மிஞ்சுவது கருவிகளுக்கு இடையேயான வேறுபாடு மட்டுமே.

இதில் மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். யுடிபி செய்தி தொலைந்தால் அனுப்பியவருக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு கருவியும் தொடங்கியதா என்று பின்னர் கேட்டறிய வேண்டும். நம்பகத்திற்காக ஒரே செய்தியைப் பல முறை அனுப்பினால் வரிசை எண் இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு தொடக்கம் இரண்டு தொடக்கமாகிவிடும். மூன்றாவது, மல்ட்டிகாஸ்ட் குழு உறுப்பினர்களைக் கவனித்து வடிகட்டும் ஸ்விட்ச்கள், அவற்றைக் கேட்டறியும் வினவி வலையமைப்பில் இல்லையென்றால், சில நிமிடங்களுக்குப் பிறகு செய்தியைத் தடுத்துவிடலாம். காலையில் இயங்கிய சோதனை சற்று நேரத்தில் ஊமையாகிவிட்டது என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்ப்பது ஸ்விட்சின் இந்த அமைப்பைத்தான்.

செய்தி எப்போது வந்து சேர்ந்தாலும் ஒரே கணத்தில் தொடங்கும்படி செய்ய முடியுமா?

முடியும், கருவிகள் ஏற்குமானால் இதையே பரிந்துரைப்பேன். "இப்போது தொடங்கு" என்று சொல்வதற்குப் பதிலாக "இந்த நேரத்தில் தொடங்கு" என்று சொல்வதுதான் வழி. ஊர்வலத்தில் ஒருவர் கை தட்டுவதைக் கேட்டு நடப்பதற்கும், எல்லோரும் தத்தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து நடப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. செய்தி வரும் தாமதம் பொருளற்றுப்போகிறது; கடிகாரங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது மட்டுமே கேள்வியாகிறது.

கடிகாரங்களை ஒத்துப்போகச் செய்வது ஐஇஇஇ 1588 தரத்தின் துல்லிய நேர நெறிமுறை, சுருக்கமாகப் பிடிபி. 2002இல் முதற்பதிப்பும், 2008இலும் 2019இலும் திருத்திய பதிப்புகளும் வந்தன. நேரம் தரும் கடிகாரம் ஒரு செய்தியை அனுப்பிய கணத்தையும், பெறும் கடிகாரம் அதைப் பெற்ற கணத்தையும் குறித்துக்கொள்கின்றன. பின்னர் எதிர்த்திசையிலும் அவ்வாறே. இந்த நான்கு நேரமுத்திரைகளிலிருந்து, முன்னோக்கிய பயணத்தின் வேறுபாட்டில் பின்னோக்கிய பயணத்தின் வேறுபாட்டைக் கழித்து இரண்டால் வகுத்தால் கடிகாரப் பிழை கிடைக்கிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பயணத் தாமதம் கிடைக்கிறது.

இந்தக் கணக்கு போகும் வழியும் வரும் வழியும் சம நேரம் எடுக்கின்றன என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. போக 2 மைக்ரோ வினாடியும் வர 4 மைக்ரோ வினாடியும் ஆனால், 1 மைக்ரோ வினாடிப் பிழை எந்தத் தடயமும் இன்றி உள்ளே புகுந்துவிடும். சாதாரண ஸ்விட்சில் வேறு தரவு நெரிசலாகப் போகும்போது நடப்பது இதுதான். எனவே துல்லியம் முக்கியம் என்றால், செய்தி தன்னுள் தங்கிய நேரத்தை அளந்து திருத்தத்தில் சேர்க்கும் பிடிபி ஸ்விட்ச்களைப் பயன்படுத்துங்கள். வலையமைப்பு அட்டையின் மின்சுற்றிலேயே நேரமுத்திரை இடப்பட்டால் 1 மைக்ரோ வினாடிக்குக் கீழே எட்டலாம்; மென்பொருளில் இட்டால் பல பத்து மைக்ரோ வினாடிகளில் நின்றுவிடும். கருவியின் விவரக் குறிப்பில் பிடிபி என்ற சொல்லை மட்டும் பார்த்து மகிழாமல், நேரமுத்திரை எங்கே இடப்படுகிறது என்று கேளுங்கள். ஃபயர்வால் இருந்தால் 319, 320 ஆகிய இரு யுடிபி போர்ட்களையும் திறந்துவிட வேண்டும்.

தொடக்க நேரத்தை எவ்வளவு முன்னதாகக் குறிக்க வேண்டும்?

கடைசிக் கருவியும் கட்டளையைப் பெற்று, ஆயத்தமாகி, நீங்கள் அதைச் சரிபார்த்து முடிக்கும் அளவுக்கு. சில வினாடிகள் பெரும்பாலும் போதும். ஏற்கனவே கடந்துபோன நேரத்தைக் கொடுத்தால் சில கருவிகள் உடனே தொடங்கிவிடும், சில பிழை சொல்லும்; உங்கள் கருவி எந்த வகை என்பதைச் சோதனைக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தரவும் சரியாக 37 வினாடி விலகியிருக்கிறது. என்ன கோளாறு?

கோளாறு இல்லை, இரு நேர அளவுகள் கலந்துவிட்டன. பிடிபி இயல்பாக டிஏஐ என்னும் பன்னாட்டு அணு நேரத்தைச் சுமந்து செல்கிறது. நம் கணினிகள் காட்டுவது யுடிசி. புவிச் சுழற்சிக்கு ஏற்ப யுடிசியில் அவ்வப்போது லீப் வினாடி சேர்க்கப்பட்டதால் இரண்டும் விலகின; 2017 ஜனவரி 1 முதல் அந்த விலகல் 37 வினாடி. ஒரு கருவி திருத்தத்தைச் சேர்த்தும் இன்னொன்று சேர்க்காமலும் நேரத்தைத் தந்தால் இந்த எண் அப்படியே தெரியும். ஒரு முறை இதே 37ஐப் பார்த்துவிட்டு, நான் நாள் முழுவதும் கம்பிகளைச் சோதித்திருக்கிறேன். அதன்பின் தொடக்க நேரங்கள் யாவற்றையும் டிஏஐயிலேயே குறித்து, அறிக்கை எழுதும் கடைசிக் கட்டத்தில் மட்டும் யுடிசிக்கு மாற்றிக்கொள்கிறேன்.

கணினிகள் வழக்கமாக நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் என்டிபி நெறிமுறை போதாதா?

உள் வலையமைப்பில் நன்கு அமைத்தால் ஏறத்தாழ மில்லி வினாடி அளவுக்கு வரும். வெப்பநிலைக்கும் மெதுவாக மாறும் அழுத்தத்திற்கும் அது நிறைவானது. அதிர்வுக்கும் மின்னலைகளுக்கும் போதாது.

தூண்டல் கம்பி இன்னும் தேவைப்படுகிறதா?

கருவிகள் ஒரே மேசையிலோ ஒரே அறையிலோ இருந்தால், அதைவிட எளிய, நம்பகமான வழி இல்லை என்பதே என் கருத்து. ஒரு கருவியை மென்பொருளால் தொடங்கி, அதன் தூண்டல் வெளியீட்டை மற்றவற்றின் உள்ளீட்டோடு இணைத்துவிடலாம். கம்பியில் மின்துடிப்பு மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோ வினாடி எடுத்துக்கொள்வதால், 20 மீட்டர் கம்பிக்கு 100 நானோ வினாடிதான் தாமதம். எல்லாக் கிளைகளையும் சம நீளத்தில் வைத்தால் அதுவும் ஈடாகிவிடும். முதற்கருவி தன் வெளியீட்டைத் தர எடுக்கும் நேரத்தில் அது மட்டும் முந்திவிடும் என்பதை மறவாமல், அதையும் வெளித்தூண்டலில் வைத்து, தனியான துடிப்பு மூலத்தால் எல்லாவற்றையும் தூண்டுவது மேலும் நல்லது. ஆயத்தக் கட்டளைகள் அப்போதும் வலையமைப்பு வழியாகத்தான் போகின்றன.

ஒன்றாகத் தொடங்கின, ஒரு மணி நேரம் கழித்து விலகிவிட்டன. ஏன்?

ஒன்றாகத் தொடங்குவதும் ஒன்றாகத் தொடர்வதும் வெவ்வேறு. ஒவ்வொரு கருவியும் தன் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டே அடுத்தடுத்த ஸ்கேன்களின் இடைவெளியை எண்ணுகிறது. இரு படிகங்கள் பத்து லட்சத்தில் 10 பங்கு என்ற அளவில் எதிரெதிர்த் திசைகளில் தவறினால், அவற்றுக்கிடையே வினாடிக்கு 20 மைக்ரோ வினாடி, மணிக்கு 72 மில்லி வினாடி விலகல் சேரும். வினாடிக்கு 1000 மாதிரி எடுக்கும் சோதனையில் அது 72 மாதிரிகள்.

தீர்வு மூன்று வகை. 10 மெகாஹெர்ட்ஸ் மேற்கோள் கடிகாரத்தை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகக் கொடுக்கலாம். பிடிபியால் திருத்தப்பட்ட கடிகாரத்திலிருந்தே மாதிரி இடைவெளியைப் பெறும் கருவிகளைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது ஒவ்வொரு ஸ்கேனையும் தனித்தனியாகத் தூண்டலாம். வேகம் குறைவான சோதனைகளுக்கு இது எளிது.

ஒரே கருவிக்குள் இருக்கும் சேனல்களாவது ஒரே கணத்தில் அளக்கப்படுகின்றனவா?

ஸ்கேன் என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது: பெரும்பாலும் இல்லை. ஒரே அளவி, ரிலேக்கள் வழியாகச் சேனல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்கிறது. வினாடிக்கு 100 சேனல் வேகத்தில் 20 சேனல்களை ஸ்கேன் செய்தால், முதல் சேனலுக்கும் கடைசிச் சேனலுக்கும் 190 மில்லி வினாடி இடைவெளி. மின்வழங்கல் இரைச்சலை ஒழிக்க ஒரு முழு அலைக்காலம் தொகுத்து அளக்கச் சொன்னால், 50 ஹெர்ட்ஸில் சேனலுக்கு 20 மில்லி வினாடி குறைந்தபட்சம் ஆகும். இதை அறியாமல் கருவிகளுக்கு இடையே நானோ வினாடிகளுக்குப் போராடுவது வீண். ஒப்பிட வேண்டிய இரு உணரிகளை இரு கருவிகளின் பட்டியலிலும் ஒரே இடத்தில், எடுத்துக்காட்டாக இரண்டிலும் முதற்சேனலாக, வைத்தால் ஸ்கேனால் வரும் விலகல் பெரும்பாலும் ஈடாகிவிடும். அதுவும் போதாதென்றால் சேனலுக்கு ஒரு மாற்றி கொண்ட கருவிதான் தேவை.

நிறுத்துவதற்கும் தரவை எடுப்பதற்கும்?

"அபார்ட்" கருவியை ஓய்வுக்குக் கொண்டுவருகிறது. முடிந்த அளவீடுகளை "ஃபெட்ச்" வினாவால் பெறலாம். அது புதிய அளவீட்டைத் தொடங்காது. நினைவகம் நிரம்பும் அளவுக்கு நீண்ட ஸ்கேன் என்றால் இடையிடையே எடுத்துவிடுங்கள், எண்களை எழுத்துவடிவில் அல்லாமல் இருமவடிவில் கேளுங்கள்.

ஒத்திசைவு உண்மையிலேயே கிடைத்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கருவிகள் தரும் நேரமுத்திரைகளை ஒப்பிட்டு நிறைவடைய வேண்டாம். தவறான கடிகாரம் தன் தவற்றைத் தானே சொல்லாது. ஒரே குறிப்பலையை எல்லாக் கருவிகளின் ஒரு சேனலுக்கும் பிரித்துக் கொடுங்கள். மெதுவான கருவிகளுக்கு ஒரு படி மின்னழுத்தம் போதும்; எந்த மாதிரியில் அது ஏறுகிறது என்று பார்க்கலாம். வேகமானவற்றுக்கு அதிர்வெண் தெரிந்த சைன் அலையைக் கொடுத்து, இரு தரவுகளின் கட்ட வேறுபாட்டைக் கணக்கிட்டு, நேரமாக மாற்றிக்கொள்ளுங்கள். அலைவின் ஒரு முழுச் சுழற்சிக்கு மேற்பட்ட விலகல் சைன் அலையில் தெரியாது என்பதால், முதலில் படி மின்னழுத்தத்தாலும் பிறகு சைன் அலையாலும் பார்ப்பது நல்லது.

இதை ஒரு முறை செய்து நிறுத்தாமல், ஐம்பது தடவையாவது தொடங்கி நிறுத்திப் பாருங்கள். சராசரி விலகலைக் கணக்கில் திருத்திவிடலாம். தடவைக்குத் தடவை மாறும் விலகலைத் திருத்த முடியாது. அதில் காணும் மிகப் பெரிய மதிப்பைத்தான் முதற்கேள்வியில் போட்ட கணக்கின் விடையோடு ஒப்பிட வேண்டும். சோதனைக்கு ஒரு சேனலை ஒதுக்க முடிந்தால், அந்தப் பொதுக் குறிப்பலையை உண்மையான பதிவின்போதும் அப்படியே விட்டு வையுங்கள்.